பாட்டுப் புத்தகங்களைப் பீரோவில் பூட்டிய சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சேகரகுரு ஐயா அவர்களுக்கும் சேகரக் கமிட்டி உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் நீங்கள் போட்ட தீர்மானத்தைச் சபையாரில் பெரும்பாலோர் வாட்ஸ்அப்பில்தான் பார்த்தோம். இனி ஞாயிறு ஆராதனையில் கீர்த்தனைப் புத்தகமும், மேல்நாட்டு ராகத்தில் பாடுகிற பாமாலைப் புத்தகமும் கிடையாது, பாட்டெல்லாம் திரையில் வரும். பாடகர் குழு கலைக்கப்படுகிறது. நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள் விரும்பினால் ஒர்ஷிப் டீமில் சேர்ந்துகொள்ளலாம். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடப் பாட்டுப் போட்டி நிறுத்தம். மார்கழி பஜனை நிறுத்தம். இவ்வளவுதான் செய்தி. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அவற்றைச் சபையின் சம்மதம் என்று நீங்கள் கணக்கு வைத்திருந்தால் அது சரியல்ல. சபைப் போதகரான ஐயா போட்ட செய்திக்குக் கீழே வேறென்ன போடுவது என்று தெரியாமல் போட்டவர்கள் அவர்கள். அவர்களில் சிலர் மறுநாளே என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புலம்பிவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வந்தால் பெஞ்சுகளில் புத்தகம் இல்லை. கோயிலைத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டேன். எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று, சாவி கமிட்டியில் ஒருவரிடம் இருக்கிறது என்றார். பயன்படுத்தப் போவதில்லை என்றால் பெஞ்சிலேயே கிடந்துவிட்டுப் போகட்டுமே. பூட்டி வைக்கிற அளவுக்கு அதில் என்ன ஆபத்து என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் இந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றும், ஓய்வுநாள் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதிலிருந்து ஓய்வு பெறாதவள், அதாவது சென்ற மாதம் வரை. கலைக்கப்பட்ட குழுவில் பெண்கள் வரிசையில் நின்றவள் என்பதால் எனக்கு மனத்தாங்கல் என்று சிலர் சொல்வதாகக் கேள்வி. மனத்தாங்கல் உண்டுதான், மறைக்கவில்லை. ஆனால் நான் நின்ற இடத்தைக் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. நாளைக்கே எங்களை இறக்கிவிட்டு எங்கள் பேரப்பிள்ளைகளை நிறுத்துங்கள், சந்தோஷமாக உட்கார்ந்திருப்பேன். அவர்கள் எடுக்கிற பாட்டு சபை முழுவதும் சேர்ந்து பாடக்கூடியதாக இருந்தால் போதும்.

உங்கள் தீர்மானம் பாட்டை ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரத்துக்கு உரிய காரியமாகப் பார்க்கிறது. எங்களுக்கு அது திங்கள் முதல் சனி வரைக்கும் தேவைப்படுகிற காரியம். ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஞாயிறு பிரசங்கத்தில் செவ்வாய்க்கிழமை என்ன நினைவிருக்கிறது என்று சபையில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஆனால் அன்றைக்குப் பாடிய பாட்டு, பாத்திரம் தேய்க்கும்போது தானாக வாயில் வரும். அந்த வாரம் முழுவதும் எங்களுக்குக் கிடைக்கிற பிரசங்கம் அதுதான்.

நம் ஊரில் பாதி வீட்டுப் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் வந்து உட்காருவார்கள். கைக்கு வேலை இருக்கும், வாய் சும்மா இருக்கும். ஒருத்தி பல்லவியை எடுப்பாள். அடுத்தவள் சரணத்தைப் பிடிப்பாள். மூன்றாம் சரணம் மறந்துபோனால் அந்தப் பக்கம் துணி காயப்போடுகிறவள் எடுத்துக்கொடுப்பாள். புருஷன் குடித்துவிட்டு வந்து அடித்த மறுநாள், பிள்ளைக்குப் பீஸ் கட்ட வழியில்லாத நாள், பீடிக்கடையில் பாதியைக் கழித்துப் போட்டுவிட்ட நாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு உண்டு. எந்தப் பாட்டை எடுக்கிறாள் என்பதை வைத்தே அவள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். யாரும் வாய்திறந்து கேட்கமாட்டார்கள். சேர்ந்து பாடுவார்கள். இந்த ஊரில் இதைவிட நல்ல ஆறுதல் ஊழியம் நடந்து நான் பார்த்ததில்லை.

இப்போது அதே மரத்தடியில் ஒரு செல்போன் பாடுகிறது, பெண்கள் கேட்கிறார்கள். பாட்டு உருக்கமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, ஐந்தே நிமிடத்தில் கடன் தருகிறோம் என்று ஒரு குரல் நடுவில் வருகிறது. போனைக் குறை சொல்லவில்லை, ராத்திரி தூக்கம் வராதபோது நானும் அதில் கேட்கிறவள்தான். ஆனால் நீங்கள் ஏன் பாடவில்லை என்று கேட்டேன். "புதுப் பாட்டு ஒண்ணும் முழுசாத் தெரியாது டீச்சர். கோயில்ல ஒரு வாரம் ஒண்ணு போடுதாவ, மறுவாரம் வேற போடுதாவ" என்றாள் ஒருத்தி. பழைய பாட்டைப் பாட வேண்டியதுதானே என்றேன். "அதத்தான் இப்ப கோயில்லயே பாடதில்லல்லா" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. ஒர்ஷிப் டீம் வந்த காலத்திலிருந்தே நாலு கீர்த்தனை இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, இந்தத் தீர்மானத்தில் இல்லாமலே ஆகிவிட்டது.

தீர்மானம் வந்த சூட்டோடு கிழக்குத் தெருவில் ஒரு துக்கம். ஐப்பசி மழை, கரண்ட் இல்லை. அடக்கம் மறுநாள் மத்தியானம் என்பதால் விடிய விடியப் பாட வேண்டும், அது நம் வழக்கம். ஒர்ஷிப் டீம் பிள்ளைகள் நனைந்துகொண்டே வந்தார்கள், நன்றாயிருக்கட்டும். ஆனால் கீபோர்டுக்குக் கரண்ட் இல்லை. போனைப் பார்த்துப் பாட ஆரம்பித்தார்கள். ஒருவன் போனில் ஒரு வரி, இன்னொருவன் போனில் வேறு வரி. கொஞ்ச நேரத்தில் சார்ஜும் இறங்கிவிட்டது. சத்தம் அடங்கிப்போய், அழுகைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வேளையில் மூலையில் சுருண்டு கிடந்த இரண்டு ஆச்சிமார் எழுந்து உட்கார்ந்து எடுத்தார்கள் ஒரு கீர்த்தனை. புத்தகமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஒன்று முடிந்ததும் அடுத்தது. நாங்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டோம். இறந்தவரின் மனைவி சாயங்காலத்திலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர். எந்தச் சரணத்திலோ அவர் வாயும் அசையத் தொடங்கியது.

டீம் பிள்ளைகளில் ஒருவன் என் பக்கத்தில் வந்து, "இம்புட்டுப் பாட்டையும் எப்படி டீச்சர் பாக்காமப் பாடுதாவ?" என்று கேட்டான். சின்ன வயசிலிருந்து வாராவாரம் கோயிலில் பாடினால் வரும்லே என்றேன். அந்த வாராவாரத்தைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடியபோது அவர்கள் கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருந்தன. மனப்பாடமாக இருந்ததைத்தான் அவர்கள் பாடியிருக்க முடியும்.

திரையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கோயிலில் பலிபீடம் கிழக்கே இருக்கிறது. காலை ஆராதனை நேரத்தில் பலிபீடத்துக்கு மேலுள்ள ஜன்னல்கள் வழியாக வெயில் நேராக வருகிறது. அந்த வெளிச்சத்துக்கு முன்னால் புரொஜெக்டர் எழுத்து என்ன தெரியும்? பின்பெஞ்சில் இருக்கிறவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, பாடுவதை விட்டுவிடுகிறார்கள். அதற்கு எல்.இ.டி. சுவர் வாங்கிவிடலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. வீடு வீடாகச் சேர்க்கிற கைப்பிடி அரிசிப் பணமும் அதில் சேருமா என்று பெண்கள் சங்கத்தில் கேட்கிறார்கள், நீங்களே பதில் சொல்லுங்கள். தட்டச்சு செய்கிற பிள்ளைக்குத் தமிழ் போதவில்லை என்பது வேறு. சென்ற ஞாயிறு நாம் எல்லாரும் நின்றுகொண்டு கர்த்தரை "என் வலியும் சத்தியமும்" என்று பாடினோம்.

மூன்றாவது பெஞ்சில் உட்காரும் கண்தெரியாத அண்ணாச்சியை உங்களுக்கெல்லாம் தெரியும். கீர்த்தனை எண்ணைச் சொன்னதும் நமக்கு முன்னால் பாட ஆரம்பிக்கிறவர் அவர்தான். இப்போது தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாமலே புத்தகம் முழுவதையும் நெஞ்சில் வைத்திருக்கிற பெரியம்மைமார் நம் சபையில் எத்தனை பேர்! திரை வந்ததில் எல்லாருக்கும் வசதி என்கிறீர்கள். இவர்களுக்கு அது வெறும் வெள்ளைத் துணி.

அடுத்தது சுருதி. எங்கள் பழைய ஆர்மோனியக்காரர் பாட்டை எடுக்கும் முன் பெண்கள் பக்கம் ஒரு தடவை பார்ப்பார். போன பாட்டில் யார் தொண்டை கட்டியது, இன்றைக்குக் கிழவிகள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்துத்தான் கட்டையை முடிவு செய்வார். மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் ஆணும் பெண்ணும் சேரும் ஒரு இடம் உண்டு, அவருக்கு அது கைவந்திருந்தது. இன்றைக்கு மைக் பிடிக்கிற தம்பிக்கு நல்ல குரல், மறுக்கவில்லை. ஆனால் அவர் தன் குரலுக்கு ஏற்ற இடத்தில் எடுக்கிறார். பெண்களுக்கு மேலே எட்டவில்லை, கீழேயும் பிடி கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர், நடுவே ரிதம் பேட். பக்கத்தில் நிற்கிறவள் பாடுகிறாளா என்பது காதில் விழாது. என் குரலே எனக்குக் கேட்காது. பக்கத்துக் குரல் கேட்டால்தான் கூச்சப்படுகிறவர்களுக்கும் வாய் திறக்கும். கேட்காதபோது ஒவ்வொருவராக நிறுத்திவிடுகிறார்கள். கடைசியில் ஐந்து பேர் பாடுகிறார்கள், முந்நூறு பேர் பார்க்கிறோம். சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஞானப்பாட்டுகளாலும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லிக்கொள்ளும்படி கொலோசெயருக்கு எழுதின நிருபத்தில் சொல்லியிருக்கிறது. மேடையிலிருப்பவர் மற்ற எல்லாருக்கும் பாடிக்காட்டுவது அதில் எப்படி அடங்கும் என்று ஐயாதான் விளக்க வேண்டும்.

புதுப் பாட்டுக்கு நான் விரோதி என்று நினைக்க வேண்டாம். கீர்த்தனையே ஒருகாலத்தில் புதுப் பாட்டுத்தான். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பிறகு நம் முன்னோர் கோயிலில் பாடியது ஜெர்மன் ராகத்தில் அமைந்த தமிழ்ப் பாட்டு. மிஷனரி பப்ரிசியுஸ் ஐயர் அப்படி மொழிபெயர்த்தவை லுத்தரன் சபைகளில் இன்றும் ஞானப்பாட்டு என்று புழங்குகின்றன. நம் திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, தஞ்சாவூரில் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் நிழலில் படித்து வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சாவூர் சங்கீதத்தை அப்படியே கோயிலுக்குள் கொண்டுவந்தார். அதோடு நின்றாரா? குறவஞ்சி, கும்மி, நொண்டி நாடகம், ஏற்றப்பாட்டு என்று தெருவிலும் கிணற்றடியிலும் ஜனங்கள் பாடிய வகைகளிலெல்லாம் வேதத்தைப் பாடிவைத்தார். தண்ணீர் இறைக்கிறவனுக்கும் ஒரு பாட்டு வேண்டும் என்று 200 ஆண்டுகளுக்கு முன்பே யோசித்த மனுஷன் அவர். பீடி சுற்றுகிறவளுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று நான் கேட்பது புதிய கோரிக்கையே இல்லை.

1853இல் அமெரிக்கன் மதுரை மிஷனின் வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சாஸ்திரியார் பாட்டுகள் அதில் ஏராளம். தஞ்சாவூரில் லுத்தரன் பாட்டாகப் பிறந்து, மதுரையில் அமெரிக்க மிஷன் அச்சேற்றியதைத் திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சபையார் தங்கள் சொந்தப் பாட்டாகப் பாடினார்கள். தென்னிந்தியத் திருச்சபை என்று நாம் ஒன்று சேர்ந்தது 1947இல். பாட்டு அதற்கு வெகு முன்னாலேயே வேலியைத் தாண்டிவிட்டது. என் மகளை லுத்தரன் குடும்பத்தில்தான் கட்டிக்கொடுத்தேன். திருமணத்துக்குப் பிறகு முதல் ஞாயிறு அந்தக் கோயிலில் யாரையும் தெரியாமல் நின்றவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான், அங்கே எடுத்த கீர்த்தனை. நாம் விட்டுவிட்டால் நம் பிள்ளைகள் போகிற இடத்தில் அந்த முகமும் இருக்காது.

அந்தப் புதுப் பாட்டு நிலைத்ததற்குக் காரணம் அதன் கட்டுமானம். பல்லவி திரும்பத் திரும்ப வரும். எதுகையும் மோனையும் அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வரும். படிக்கத் தெரியாதவர் இரண்டு மூன்று தடவை கேட்டால் பிடித்துக்கொள்வார். அதோடு, ஒரு பாட்டைப் பிடித்தால் வருஷக்கணக்கில் விடாமல் பாடினார்கள். இன்றைய புதுப் பாட்டுகளிலும் அப்படிப்பட்டவை உண்டு, எனக்கே சில மனப்பாடம். அவற்றையாவது நிலைக்க விடுகிறீர்களா? யூடியூபில் அடுத்தது வந்ததும் முந்தியதை எறிந்துவிடுகிறோம். கிறிஸ்மஸுக்குப் பாடிய புதுப் பாட்டு ஈஸ்டருக்கு யாருக்கும் நினைவில்லை.

கமிட்டியார் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது, எனக்குப் பெரிய பயம் அதில்தான். கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் மட்டும்தான் இருக்கும். சங்கராபரணம், ஆதி என்று போட்டிருக்கும். சுரம் எழுதியிருக்காது. அந்த ராகத்துக்குள் நம் ஊரில் எந்த மெட்டில் பாடுகிறோம் என்பது புத்தகத்தில் இல்லை, மனிதர்கள் தொண்டையில் இருக்கிறது. ஒரே கீர்த்தனையைத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பக்கம் ஒரு மாதிரி வளைப்பார்கள், நாம் வேறு மாதிரி வளைப்போம். பாமாலை அப்படியில்லை. அதற்குச் சுரம் எழுதிய புத்தகம் உண்டு, 50 வருஷம் பூட்டி வைத்தாலும் எடுத்துப் பாடிவிடலாம். கீர்த்தனையை ஒரு தலைமுறை பாடாமல் விட்டால் புத்தகம் இருக்கும், மெட்டு இருக்காது. இப்போதே ஆர்மோனியக்காரர் இல்லை. அவருக்கு மட்டும் தெரிந்திருந்த சில மெட்டுகளை அவரோடு கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டோம். கீபோர்டு வாசிக்கிற தம்பியிடம் ஒரு கீர்த்தனையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கெட்டிக்காரப் பிள்ளை. "என்ன ஸ்கேல், என்ன கார்டு டீச்சர்?" என்றான். பாடிக்காட்டினேன், பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டான். பாடிக்காட்ட ஆள் இருந்ததால் பிடித்தான்.

ஓய்வுநாள் பள்ளிப் போட்டியை நிறுத்தியதற்குச் சொன்ன காரணம், மனப்பாடம் பிள்ளைகளுக்குப் பாரம் என்பது. நான் 30 வருஷத்துக்கு மேல் பிள்ளைகளோடு இருந்தவள். சினிமாப் பாட்டு ஒன்று விடாமல் அவர்களுக்கு மனப்பாடம், யாரும் பாரம் என்று சொல்லக் காணோம். பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுப்போம், அதற்காகத் தாயும் பிள்ளையும் சேர்ந்து அடுப்படியில் படிப்பார்கள். பிள்ளைக்குப் பாட்டு வரும், மறந்துபோன தாய்க்கும் திரும்ப வரும். அப்படித்தான் எத்தனையோ வீடுகளில் சாயங்கால ஜெபம் நின்றுபோகாமல் நடந்தது. இப்போது வீடியோ போட்டுவிட்டு, கையைத் தூக்கு, குதி என்கிறோம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாய்த்தான் இருக்கிறது. வீட்டுக்குப் போனபின் வீடியோ இல்லாமல் அதைப் பாடச் சொன்னால் முழிக்கிறார்கள்.

பஜனைக்கு வருகிறேன். மார்கழிக் குளிரில் நாலு மணிக்கு எழுந்து, ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, டோலக்கும் தாளமுமாகத் தெருத்தெருவாகப் போவது வாலிபர்களுக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வாலிபர்கள்? போன வருஷம் முன்னால் லைட் பிடித்துக்கொண்டு போனதெல்லாம் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பையன்கள். அதிகாலையில் ஊர் சுற்ற அப்பா அனுமதிக்கிற ஒரே மாதம் அது, பின்னே வராமல் இருப்பார்களா? தெரு முனையில் நின்று பாடும்போது நடக்க முடியாத வயசாளிகள் வாசலில் வந்து உட்காருவார்கள். கோயிலுக்கு வந்து வருஷக்கணக்கான மனஸ்தாபக்காரர்கள்கூட ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்திருப்பார்கள், எனக்குத் தெரியும். பிள்ளையார் கோயில் தெருவில் கருப்பட்டிக் காப்பி போட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் திருப்பாவை, இந்தப் பக்கம் நம் பாட்டு, நம் ஊர் மார்கழி அப்படித்தான் விடிந்திருக்கிறது.

பஜனைக்குப் பதில் கோபுரத்தில் ஸ்பீக்கர் கட்டி அஞ்சு மணிக்குப் பாட்டுப் போட்டுவிடலாம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னாராம். தயவுசெய்து வேண்டாம். ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று சட்டமே இருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்கிறவர்களும் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். எங்கள் காதில் பாட்டு விழவில்லை என்று நாங்கள் குறைப்படவில்லை. எங்கள் வாயிலிருந்து அது போகிறது என்பதுதான் எங்கள் முறையீடு.

பிள்ளைகளைச் சபையில் தக்கவைக்கத்தான் இதெல்லாம் என்கிறீர்கள். உங்கள் கவலை எனக்கும் உண்டு, என் பேரனே பாதி நாள் வருவதில்லை. ஆனால் விளக்கும் சத்தமும் வேண்டும் என்கிற பிள்ளைக்கு டவுனில் நம்மைவிடப் பெரிய மேடை இருக்கிறது, பைக்கில் அரைமணி நேரம். அந்தப் போட்டியில் நாம் ஜெயிக்கப் போவதில்லை. அங்கே கிடைக்காத ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஆச்சிக்கும் பேரனுக்கும் ஒரே பாட்டு தெரியும் என்பது. அதைக் கையிலிருந்து நழுவவிட்டுவிட்டு எதைக் காட்டிப் பிள்ளைகளைக் கூப்பிடப் போகிறோம்?

நாங்கள் கேட்பது இவை.

முதலில் பீரோவைத் திறந்து புத்தகங்களைப் பெஞ்சுகளில் திரும்ப வையுங்கள். இதற்குத் தீர்மானம் எதுவும் தேவையில்லை, சாவி போதும்.

ஒவ்வொரு ஞாயிறு ஆராதனையிலும் குறைந்தது இரண்டு கீர்த்தனையும் ஒரு பாமாலையும் சபையாக நின்று பாட வேண்டும். எண்களை முந்தின வாரமே அறிவித்துவிடுங்கள், வீட்டில் பாடிப் பார்த்துக்கொண்டு வருவோம். மீதி நேரத்தில் ஒர்ஷிப் டீம் புதுப் பாட்டு எடுக்கட்டும். ஆனால் ஒரு புதுப் பாட்டை எடுத்தால் சபைக்கு மனப்பாடம் ஆகும்வரை மூன்று மாதமாவது அதை மாற்றக் கூடாது, வரிகளைத் தாளில் அச்சடித்துக் கையில் தர வேண்டும். திரையில் போடுவதை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பார்த்துத் திருத்தட்டும், நம் சபையில் மூன்று பேர் இருக்கிறார்கள்.

பாடகர் குழுவை மறுபடி அமையுங்கள். நாற்பது வயது வரம்பை எடுத்துவிட்டு, டீம் பிள்ளைகளையும் எங்களையும் ஒரே குழுவாகச் சேருங்கள். கீபோர்டு இருக்கட்டும், ரிதம் பேட் இருக்கட்டும். சபையார் குரல் சபையாருக்குக் கேட்கிற அளவுக்கு ஸ்பீக்கரைக் குறைத்து, பெண்களும் சேரக்கூடிய கட்டையில் பாட்டை எடுக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் கோயிலைத் திறந்துவிட்டால் நாங்கள் மெட்டுச் சொல்லித்தருவோம், அவர்கள் எங்களுக்குப் புதுப் பாட்டுச் சொல்லித்தரட்டும்.

நம் சபையில் எழுபது வயது தாண்டியவர்கள் பாடுகிற கீர்த்தனைகளை ஒன்று விடாமல் போனில் பதிவு செய்யும் பொறுப்பை வாலிபர் ஐக்கியத்திடம் ஒப்படையுங்கள். எல்.இ.டி. சுவருக்கு ஆகும் செலவில் நூறில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. இதை ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வரை தள்ளிப்போட வேண்டாம். ஆச்சிமார் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் இந்த வாரமே ஆரம்பிக்கலாம், நான் கூட வருகிறேன்.

மனப்பாடப் பாட்டுப் போட்டியைத் திரும்ப வையுங்கள். டம்ளருக்குப் பணம் இல்லையென்றால் பெண்கள் சங்கம் வாங்கித்தரும் என்று சொல்லச் சொன்னார்கள். மார்கழி பஜனை இந்த வருஷமே நடக்கட்டும். கமிட்டியார் நாலு மணிக்கு எழுந்து வர வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, தடையை எடுத்தால் போதும்.

சபையின் வழிபாட்டை இவ்வளவு தூரம் மாற்றுகிற தீர்மானத்தைச் சபைக் கூட்டத்தில் வைக்காமல் எடுத்தது முறையல்ல. கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முன் ஒரு சபைக் கூட்டம் கூட்டி, இதை எல்லாரும் பேச இடம் கொடுங்கள். கண்தெரியாத அண்ணாச்சிக்கும் பீடி சுற்றுகிற பெண்களுக்கும் அதில் பேச நேரம் வேண்டும். அவர்களுக்குத் தோதாக ஞாயிறு சாயங்காலம் வைப்பது நல்லது. எல்.இ.டி. சுவர் பற்றிய முடிவையும் அதுவரை நிறுத்தி வையுங்கள்.

உங்கள் பதிலை வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். வருகிற ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வேளையில் வாசியுங்கள். இந்த மடலில் நான் சொன்னவர்களில் பாதிப்பேருக்குப் போனில் படிக்க வராது.

இப்படிக்கு,
கலைக்கப்பட்ட பாடகர் குழுவில் ஒருத்தி